மைந்தனுக்கு மண்

அவள் கையை நீட்டவில்லை.

சார்ஜென்ட் அவள் முன்னால் ஒற்றை முழங்காலில் இருந்தார். கையில் முக்கோணமாக மடித்த தேசியக் கொடி. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். ஜனாதிபதியின் சார்பாக, நன்றியுள்ள தேசத்தின் சார்பாக.

நன்றியுள்ள தேசம் காத்திருந்தது.

அவள் கைகள் மடியிலேயே கிடந்தன. கறுப்புக் கையுறை. அலபாமாவின் ஜூன் வெயில்.

பக்கத்தில் சவப்பெட்டி. உள்ளே அவள் மகன். பத்தொன்பது வயது. வியட்நாமிலிருந்து பதினோரு நாள் பயணம் செய்து வந்தவன், கடைசி இருபதடியில் நின்றுவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கேட் பூட்டியிருந்தது.

மேயர் நல்லவர். அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். ராணுவ மரியாதை முழுவதையும் கேட்டுக்கு வெளியே நடத்திக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தார். துப்பாக்கி முழக்கம், ஊதுகொம்பு, கொடி, எதற்கும் தடையில்லை. அடக்கம் மட்டும் ஊர்க் கோடியில், சதுப்பு ஓரமாக, கறுப்பர்களுக்கு ஒதுக்கிய இடத்தில். மழைக்காலத்தில் அங்கே பெட்டிகள் மேலே வந்துவிடும். அது இயற்கை. அதற்கு மேயர் என்ன செய்வார்?

கேட்டுக்கு உள்ளே புல்லை ஒரே மட்டமாக வெட்டியிருந்தார்கள்.

நூறு வருடங்களுக்கு முன்பு உள்நாட்டுப் போரில் இதே கொடியைப் பார்த்துச் சுட்டவர்கள் அங்கே பளிங்குக்கு அடியில் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு இடப் பிரச்சினை வந்ததில்லை.

மேயர் இருபத்திரண்டு நிமிடம் பேசியிருந்தார். இத்தனை வருடமாக அவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய், இன்று பெயருக்கு முன்னால் ‘திருமதி’ சேர்த்தது. பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்திருந்தார்.

மகனுக்கு அதைவிடப் பெரிய உயர்வு. வீரத் திருமகன். இந்த மண்ணின் மைந்தன்.

மண்ணின் மைந்தன் என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை கைக்குட்டையை வெளியே எடுத்தார்.

வியர்வைக்குத்தான்.

அவளுக்கு இதெல்லாம் புதிதல்ல. முதல் உலகப் போரில் அவள் அப்பா பிரான்சுக்குப் போய்க் கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார். துப்பாக்கி தரவில்லை. சீருடையோடு ஊர் ரயிலடியில் வந்து இறங்கியவரை நான்கு பேர் வரவேற்றார்கள். சீருடையைக் கழற்றச் சொன்னார்கள். அங்கேயே, பிளாட்பாரத்திலேயே. இரண்டாவது போரில் அவள் கணவன் லாரி ஓட்டினான். திரும்பி வந்து ஓட்டுரிமைக்குப் பெயர் பதியப் போனான். அரசியல் சட்டத்தை ஒப்பிக்கச் சொன்னார்கள். முழுவதையும்.

மகனுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள்.

முன்னேற்றம்தான்.

சார்ஜென்ட் இன்னும் முழங்காலிலேயே இருந்தார். அவரும் கறுப்பர். அதனாலேயே அவரை அனுப்பியிருக்கலாம். மேலிடத்தில் இப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

மேயர் அவள் பக்கம் குனிந்தார். புகைப்படக்காரருக்குக் கேட்காத குரல்.

“வாங்கிக்க. எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க பாரு.”

‘திருமதி’ போய்விட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“மண்ணின் மைந்தன்னு சொன்னீங்களே. எந்த மண்ணுங்க ஐயா?”

யாரோ இருமினார்கள்.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? உங்க ஆளுங்களுக்குன்னு தனியா இடம் விட்டிருக்கோமே.” மேயர் சார்ஜென்டிடம் திரும்பினார். “நீ மடியில வச்சிட்டு எந்திரிப்பா. நேரமாச்சு.”

சார்ஜென்ட் எழுந்தார். கொடி அவர் கையிலேயே இருந்தது.

“கையிலதான் கொடுக்கணும், சார்.”

“அவதான் வாங்க மாட்டேங்கிறாளே.”

“அவங்க மேல தப்பில்ல, சார். குழி பக்கத்துல வச்சுத்தான் கொடியை மடிக்கணும். நான் முன்னாடியே மடிச்சுட்டேன்.” குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “தப்பு என் பேர்ல.”

திரும்பி ஆணையிட்டார்.

ஆறு சிப்பாய்கள் வந்தார்கள். நான்கு பேர் வெள்ளையர். முகங்களில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொடி மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. மடிப்பதைவிடப் பிரிப்பதற்கு அதிக நேரமானது. யாரும் அதற்குப் பயிற்சி எடுத்ததில்லை. பெட்டியின் மேல் அது மறுபடி விரிந்தது. நான்கு மூலைக்கு நான்கு பேர் விறைப்பாக நின்றார்கள்.

“என்ன கூத்து இது? எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?”

“அடக்கம் ஆகிற வரைக்கும், சார்.”

“அதைத்தான் சதுப்புப் பக்கம் கொண்டு போங்கன்னு சொல்றேன்!”

“எங்கேன்னு அம்மா சொல்லணும், சார்.”

அம்மா தலையைத் திருப்பினாள். கேட்டைப் பார்த்தாள். எல்லோரும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

புகைப்படக்காரர் புது பிலிம் சுருள் மாட்டினார்.

மேயர் யாருக்கோ போன் செய்யப் போனார். போகிற வழியில் மேடையிலிருந்த மைக் வயரில் கால் இடறியது. மண்ணைத் தொடாமல் சமாளித்துக்கொண்டார்.

சார்ஜென்ட் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார். குதிகால்கள் சேர்ந்தன. பார்வை நேராக.

அவள் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து பெட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கையுறைகளைக் கழற்றினாள். கொடியின் ஓரச் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு சார்ஜென்டை ஏறிட்டுப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். மார்பில் மூன்று வரிசைப் பதக்கப் பட்டைகள்.

“உங்க ஊர்ல உங்களுக்கு இடம் இருக்கா, தம்பி?”

காவல் நிற்பவர் பேசக் கூடாது என்பது விதி.

இப்போது அவருக்கு அது மிகவும் தோதாக இருந்தது.