மூன்றாவது குட்டி

"திரையை இழுத்து விடும்மா, சீக்கிரம்!" என்றார் டாக்டர்.

கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண் இழுத்து விட்டாள். கண்காட்சியின் பிரசவக் கொட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் மறைந்தது.

"என்ன சார், இடைவேளையா?" என்று வெளியே யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது.

அவள் கையிலிருந்த செம்மறிக் குட்டி அசையவில்லை. மூக்கைத் துடைத்தாள். வைக்கோலால் தேய்த்தாள். ஒன்றும் இல்லை.

"வயித்துலயே போயிருச்சு. உன் தப்பு இல்ல," என்றார் டாக்டர். "பக்கத்துக் கொட்டில்ல ஒருத்தி மூணு போட்டிருக்கா. மூணாவதுக்குப் பால் பத்தாது. அதைத் தூக்கிட்டு வா, இவளோடதுன்னு இவகிட்ட விட்டுடலாம்."

மகள் முதன்முதலாக வேலை செய்வதைப் பார்க்க வந்திருந்த அப்பாவும் அம்மாவும் கொட்டிலுக்குள்ளேயே ஓரமாக நின்றிருந்தார்கள். அவள் மூன்றாவது குட்டியைத் தூக்கி வருவதைப் பார்த்ததும் அப்பா, "டீ வாங்கிட்டு வரேன்," என்று விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அம்மா நகரவில்லை.

வாளியில் பிடித்து வைத்திருந்த பனிக்குட நீரை டாக்டர் குட்டியின் மேல் ஊற்றினார்.

"நல்லாப் பூசு. இந்த வாசனைதான் அவளுக்குப் பிள்ளை. காலைச் சேர்த்துப் பிடிச்சுக்கோ. பொறந்ததும் குதிச்சா சந்தேகப்படுவா."

"கண்டுபிடிச்சுட்டா சார்?"

"முட்டித் தள்ளிடுவா. புட்டிப்பால்ல இவ்வளவு சின்னது பிழைக்கிறது கஷ்டம்."

கை பூசிக்கொண்டிருந்தது. மனம்தான் எங்கோ சிக்கிக்கொண்டது. இது உதவியா, திருட்டா? குட்டி பிழைக்க வேண்டும், அது சரி. தாயை ஏமாற்றுவதற்கு என்ன பேர்?

"ஏண்டி, செத்தது எங்க?" என்றாள் அம்மா.

"சாக்குல சுத்தி வெச்சிருக்கும்மா. நீ பார்க்காத."

"அவகிட்ட ஒரு தடவை காட்டினீங்களா?"

"காட்டக் கூடாதும்மா."

"யாரு சொன்னா, காட்டக் கூடாதுன்னு?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் குரலே உயர்த்தாத அம்மா. ஓர் ஆட்டுக்காகவா இத்தனை கோபம்?

குட்டியை ஆட்டின் முகத்தருகே வைத்தாள். ஆடு மோந்தது. நின்றது. தலையைத் தூக்கி அவளையே பார்த்தது. அந்தப் பார்வையை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

மறுபடி மோந்தது. தொண்டைக்குள் மெல்ல ஒரு குரல் கொடுத்தது. பிறகு நக்கத் தொடங்கியது. குட்டி மடியைத் தேடிப் பிடித்து வாலை ஆட்டியது.

டாக்டர் திரையை விலக்கினார். கூட்டம் கைதட்டியது.

"நல்லா ஏமாந்துட்டா!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "பாவம்மா, அவளுக்குத் தெரியவே தெரியாது."

அம்மா அருகில் வந்து அவள் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து செய்வதுபோல உச்சியில் மூக்கை வைத்து ஆழ மோந்தாள்.

"ஐயோ, விடும்மா! ஒரே ஆட்டு வாடை."

"இருக்கட்டும்." அம்மா ஆட்டையே பார்த்தாள். "அவ ஏமாறலடி. மோந்ததுமே தெரிஞ்சு போச்சு. காட்டிக்கிட்டா இதையும் தூக்கிட்டுப் போயிடுவீங்களோன்னு பயந்து நக்குறா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா டீயோடு வருவது தெரிந்தது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரியில எனக்கு மயக்கம் தெளிஞ்சப்போ, என்னோடதைக் காட்டாமயே உன்னைக் கொண்டாந்து பக்கத்துல படுக்க வெச்சாங்க. எனக்குத் தெரியாதுன்னுதான் உங்கப்பா இன்னிக்கு வரைக்கும் நெனச்சுட்டிருக்கார்... நீயும் காட்டிக்காத."