பின்கதவில் ஒட்டிய தாள்

கனடாவின் வின்னிபெக்கில் ஜனவரி மாதத்து ஞாயிறு மதியம். லோர்னா ஏணியிலிருந்து இறங்கி ஹேர் டிரையரை அணைக்கிறாள். சமையலறையின் கண்ணாடிப் பின்கதவை மூடி அவள் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், சூடு பட்டு ஒரு மடிப்பில்லாமல் விறைத்து நிற்கிறது. காலையிலிருந்து இதே வேலை. இனி அந்த இடுக்குகளில் குளிர் நுழையாது. நிலவறையில் ஓயாமல் எரியும் கணப்பு கொஞ்சம் ஓயும். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாளின் வழியே மேசைமேல் பரவுகிறது. மேலே தடித்த கோட்டு, கீழே அரைக்கால் சட்டை, கையில் இறைச்சித் தட்டு என்று அவள் கணவன் டெல்பர்ட் வந்து நிற்கிறான்.

"கொஞ்சம் தள்ளு, கதவத் தொறக்கணும்."

"எதுக்கு?"

"கறி சுடுற அடுப்பு வெளியிலதானே இருக்கு?"

"மைனஸ் முப்பதுலயா? உள்ள வாட்டினா உனக்குத் தொண்டையில எறங்காதோ?"

"ஒட்டுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டேன். ஹாக்கி பாத்துக்கிட்டே 'ம்'னு சொன்ன."

"ஹாக்கி பாக்கறப்போ சொன்னதெல்லாம் கணக்குல சேருமா?"

"இதுல கைய வச்சே, அந்தக் கறியோட நீயும் வேகுவ."

அவன் தாளைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். தட்டோடு வாசல்பக்கம் நடக்கிறான். வீட்டைச் சுற்றி, முழங்கால் பனியிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வருவது தாளுக்கு அப்பால் மங்கலாகத் தெரிகிறது. அடுப்பின் மூடியைத் திறந்து, இடுக்கியை உயர்த்திக் காட்டுகிறான். லோர்னாவுக்குச் சிரிப்பு வரப் பார்க்கிறது. அப்போது கணுக்காலில் சில்லென்று ஏறுகிறது. திரும்புகிறாள். கூடத்தின் கோடியில் வாசல்கதவு ஆவென்று திறந்து கிடக்க, கம்பளத்தின்மேல் பனி விழுந்துகொண்டிருக்கிறது.