இளநீர்ப் பெட்டி

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நாகூர் மீரான் ஐஸ் பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

ஊசி போடுகிற நேரம்.

அவனுடைய தகரப் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதாதான். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிறைந்து கிடந்தது. தாணேயிலிருந்தும் தேவ்நாரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மனைவி ராபியா அவர்கள் நடுவில் இருந்தாள். அவன் மட்டும் நழுவி இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

பெட்டி அவன் கையால் செய்தது. தாராவியில் பாதிப் பேருக்கு டிரங்குப் பெட்டி அடித்துக் கொடுத்தவனுக்கு ஐஸ் பெட்டி என்ன பெரிய வேலையா? மகள் பானுவுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வியாதி என்றார்கள். காலையும் மாலையும் இன்சுலின். மருந்து சூடாகக் கூடாது, ஃபிரிஜ்ஜில் வையுங்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒரே மீட்டரில் ஏழு வீடு ஒண்டிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பல்பு எரிகிற சந்தில் ஃபிரிஜ்ஜுக்கு எங்கே போவது?

மாட்டுங்காவில் ஒரு மத்தியானம் இளநீர் குடித்தபோதுதான் பொறி தட்டியது. வண்டி காலையிலிருந்து வெயிலில்தான் நின்றது. காயின் தோல் கையைச் சுட்டது. உள்ளே தண்ணீர் குளிர்ச்சியாகவே இருந்தது. கரண்ட் கிடையாது, மெஷின் கிடையாது. வெளியே தோல், உள்ளே ஓடு, நடுவில் மெத்தையாக நார். அவ்வளவுதான் சங்கதி.

குடித்துப்போட்ட காய்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நார் உரித்துக் காயவைத்தான். தகரத்துக்குள் தகரம் வைத்து நடுவில் நாரைத் திணித்தான். இளநீர்ப் பெட்டி என்று பெயர் வைத்துச் சந்தே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பூலோகத்துக்கு பாண்டுப்பில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை. நாலு நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவான்; வரும்போது ஒரு பாளம் கொண்டுவருவான். அவன் அடுத்து வரும்வரை ஐஸ் தாங்க வேண்டும். இரண்டு வருஷமாக மீரானின் உயிர் அதில்தான் இருந்தது. என்ன செய்தாலும் மூன்றாம் நாள் காலையில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சியது. அப்புறம் பூலோகம் வரும்வரை மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, அது கெட்டுப்போயிருக்குமோ கெட்டுப்போயிருக்குமோ என்று தவித்துக்கொண்டே பிள்ளைக்கு ஊசி போடுவான்.

திறக்கத் திறக்கத்தான் ஐஸ் சீக்கிரம் கரைகிறது என்று கண்டுபிடித்தவள் பானு. அன்றிலிருந்து பெட்டிக்கு அவள்தான் போலீஸ். ஊசி நேரம் தவிர யாரும் தொடக் கூடாது. திறக்கிற ஒவ்வொரு தடவைக்கும் மூடியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். புதுப் பாளம் வந்ததும் எல்லாவற்றையும் பாவாடையால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு கோடு கூடினாலும் விசாரணைதான். வாப்பாவுக்கும் சலுகை கிடையாது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் தோளில் அடிப்பாள்.

"மூடுங்க வாப்பா. குளிரு போயிரும்."

போன வாரம் பெட்டியைப் பிரித்து, நாரோடு இலவம் பஞ்சையும் கலந்து இறுக்கமாகத் திணித்திருந்தான். புதன்கிழமை காலை பூலோகம் கொண்டுவந்த பாளத்தை உள்ளே வைத்தான். இதுவும் தாங்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது.

மூடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஐஸ் இருந்தது.

துணுக்கு இல்லை, தூள் இல்லை. உரித்த தேங்காய் அளவுக்கு முழுசாக ஒரு கட்டி. மே மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே மூன்று நாள் முடிந்து நாலாம் நாள் சாயங்காலம். மேல்தட்டில் இருந்த மருந்துக் குப்பியைத் தொட்டுப் பார்த்தான். விரல் ஜில்லிட்டது.

மீரானுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டான். இனி ஈரத்துணி வேண்டாம், தவிப்பு வேண்டாம். படுதாப் பக்கம் திரும்பி, சந்துக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டான்.

"ஏ பானு, ஓடி வாம்மா. ஐஸ் அப்படியே கெடக்கு பாரு."

படுதாவுக்கு அந்தப் பக்கம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

ராபியா படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கிப்போயிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இல்லை.

"மூணு நாளா அத யாருங்க தொறந்தா?"

மடியில் இருந்த மூடியை மீரான் பார்த்தான். ஒரே ஒரு கோடுதான் இருந்தது. புதன்கிழமை காலை ஊசிக்குத் திறந்தபோது பானு போட்டது. அன்று மாலை ஊசிக்கு நேரமாகுமுன்பே, காய்ச்சலில் நினைவு தப்பியவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் இவன்தான் குழிக்குள் இறங்கி அவளைக் கிடத்தினான்.

ராபியா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பெட்டி இவ்வளவு நேரமும் திறந்தே கிடப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குளிர் போய்விடுமே என்று பதறி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினான்.