தட்டில் ஆரஞ்சுப் பூ

"இது என்ன?"

மாமனார் வேகவைத்த பீன்ஸின் மேல் உட்கார்ந்திருந்த ஆரஞ்சுப் பூவை ஒற்றை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

"நஸ்டர்ஷியம், மாமா. சாப்பிடுற பூதான்," என்றாள் பெரிய மருமகள்.

"பூவைத் திங்க நான் என்ன ஆடா?"

"லேசா மிளகு மாதிரி காரமா இருக்கும்."

"மிளகு வேணும்னா மிளகைப் போடேன். காலம் பூரா இழைப்புளி பிடிச்சு மரம் இழைச்சவன், இப்பத்தான் கொஞ்சம் மண்ணைத் தொட்டிருக்கேன். என் பீன்ஸ் பாத்தி ஓரமெல்லாம் உன் பூச்செடி. தண்டு பூரா கறுப்பாச் செடிப்பேன் அப்பியிருக்கு."

"பூச்சி அதுல இருந்துட்டுப் போகட்டும் மாமா. உங்க பீன்ஸ்ல ஒண்ணுகூட இல்லையே."

"பார்த்தியா, வாய்க்கு வாய் பதில்."

சாப்பாடு முடியும்வரை திட்டினார். பூவில் தொடங்கி, அவள் கதவைச் சாத்தும் விதம், காய் நறுக்கும் விதம் என்று போய், மறுபடி பூவுக்கே வந்தார். அவள் பாட்டுக்குத் தன் தட்டில் இருந்த பூவை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

சின்ன மருமகளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இந்த அக்காவுக்கு ஏன் இப்படி ஒரு வீம்பு? வயசான மனுஷன் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற கதையாக, தினமும் இதே ரகளை.

கணவனிடம் சொன்னாள்.

"அண்ணி அப்படித்தான்," என்றான் அவன். "பிடிச்சா பிடிச்ச பிடி."

சின்னவளுக்கு வேண்டியதெல்லாம் வீட்டில் கொஞ்சம் அமைதி. போன மழைக்காலத்தில் எட்டு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். மாமனார் தன் கையால் செய்து வைத்த தொட்டில் பின்பக்கக் கொட்டகையில், சாக்கு மூடிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் அவள் இன்னும் போகவில்லை.

மறுவாரம் பெரியவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

"அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள்ல வந்துடுவேன். மாமா தட்டுல பூ வைக்க மறந்துடாதே."

"சரிக்கா," என்று தலையாட்டிய சின்னவள், வைப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். இந்த இரண்டு நாளாவது அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

மத்தியானம் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். பூ இல்லை. சூப்பில் உப்பு சரியாக இருந்தது. பீன்ஸ் பதமாக வெந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் பாதிச் சாப்பாடு போயிற்று. சின்னவள் மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அவர் கை நின்றது.

"எட்டாம் மாசத்துல மாடிப்படி ஏறித்தான் துணி காயப் போடணுமாம்மா?"

பரிமாற எடுத்த கரண்டியை அவள் பாத்திரத்திலேயே வைத்தாள்.

"அன்னைக்கே சொன்னேன். உன் புருஷன்கிட்டயும் சொன்னேன். இந்த வீட்டுல என் பேச்சை யார் கேக்குறா? நல்ல மரமாத் தேடித் தேடி வாங்கினேன். குழந்தை கையில சிராய் ஏறக்கூடாதுன்னு எத்தனை தடவை இழைச்சேன் தெரியுமா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. படி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் எடுபடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே பேச்சு. மறுநாளும் அதே. அழுவது வெளியே கேட்காமல் இருக்க, குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

பெரியவள் வந்து பையைக் கீழே வைத்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்தாள்.

"பூ வைக்கலையா?"

"இல்லக்கா. பாவம், அவர் நிம்மதியா சாப்பிடட்டும்னுதான்..."

"பேசிட்டாரா?"

சின்னவள் தலையை மட்டும் அசைத்தாள். பெரியவள் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கும் தாங்கலம்மா," என்றாள் பெரியவள். "சிலருக்குத் துக்கம் கண்ணு வழியா வரும். அவருக்கு வாய் வழியாத்தான் வருது. எங்கேயாவது கொட்டித்தானே ஆகணும்? தட்டுல பூ இருந்தா என் தலையில கொட்டுவார்."

சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். சின்னவளும் பின்னால் போனாள்.

பீன்ஸ் கொடிகள் பூச்சி பொட்டு இல்லாமல் பச்சென்று நின்றன. பாத்தி ஓரத்தில் நஸ்டர்ஷியம் தண்டெல்லாம் கறுகறுவென்று பேன். அப்படியும் பூத்திருந்தது. பெரியவள் நல்லதாகப் பார்த்து இரண்டு பூக்களைக் கிள்ளி, உதறி, குழாயடியில் அலசினாள்.

"ஒண்ணு மாமாவுக்கு. ஒண்ணு எனக்கு."

"எனக்கும் ஒண்ணு தாங்கக்கா," என்றாள் சின்னவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தினமும் அவ்வளவு ஆசையா சாப்பிடுறீங்களே, அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"ஆசையாவா?" என்றாள் பெரியவள். "எனக்கு அந்தக் காரம் நாக்குல பட்டாலே குமட்டும்."