பதினாறு எம்.எம்.

மலையேற்றங்களில் படமெடுக்க வைட் ஆங்கிள் லென்ஸ் தேடி, விளம்பரம் பார்த்து வந்திருந்தான் ஜெபராஜ். விளம்பரம் கொடுத்திருந்த வினோதா அவனை மூன்றாவது மாடிக்கு மேலிருந்த மொட்டை மாடிக்கு அழைத்துப்போனாள். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டியிருக்கவில்லை. விற்க வைத்திருந்த இரண்டு லென்ஸ்களும் அவள் கணவனுடையவை. டிசம்பரில் மலைக்குப் போனவன் திரும்பவில்லை. கேமராவும் பையும் மட்டும் வந்து சேர்ந்தன. இருபத்துநாலு எம்.எம்.மில் எதிரே இருந்த குன்றின் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டன. முன்வளையம் லேசாக நசுங்கியிருந்த பதினாறை மாட்டியதும் குன்று, ஏரி, மேகம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ஆனால் குன்று சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்திருந்தது. கொஞ்சம் முன்னால் போனால் சரியாகிவிடும் என்று வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி. சட்டை பின்னாலிருந்து இறுகியது. வினோதா அதைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

“பயப்படாதீங்க, ஓரம் இன்னும் தள்ளித்தான் இருக்கு.”

“அதுல பக்கத்துல இருக்கறதும் தள்ளித்தான் தெரியும். கண்ணை எடுத்துட்டுப் பாருங்க.”

பார்த்தான். இரண்டு ஷூக்களின் முனைகளும் அந்தரத்தில் இருந்தன. வெகு கீழே ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாலடி பின்னால் வந்தான். லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டான். பிறகு அதைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “இதையே எடுத்துக்கிறேன். எல்லாமே உள்ள வந்துடுது” என்றான்.

அவள் பிடி இன்னும் தளரவில்லை.

“மலைக்குப் போனா, அங்க உங்க சட்டையை யார் சார் பிடிச்சுக்குவாங்க?”