சிவப்புக் கோடு வரை

பிற்பகல் வெயில் கூடத்திலிருக்கும் இரண்டு மீன்தொட்டிகள் மீதும் விழுகிறது. பழைய தொட்டி காலி. அதன் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மகள் இறந்த பிறகு அவளுடைய கடல்மீன்களை அப்பாதான் பார்த்துக்கொண்டார். அவள் நெயில் பாலிஷால் கண்ணாடியில் இழுத்து வைத்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியபோதெல்லாம், பார்த்துப் பார்த்து உப்புத்தண்ணீரையே ஊற்றினார். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று சொல்லத் தெரிந்தவள் வீட்டில் இல்லை. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. இப்போது புதுத் தொட்டிக்காக வாளியில் உப்பைக் கரைத்துவிட்டு, உப்பளவு காட்டும் கருவியை மூன்றாம் முறையாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். "இந்தத் தடவ குறைஞ்சா நல்ல தண்ணிதான் ஊத்துவேன்" என்கிறார், யாரும் கேட்காமலே. அம்மா புதுக் கண்ணாடியில் கோடு போட, மகளின் மேசையிலிருந்து அதே நெயில் பாலிஷை எடுத்து வந்திருக்கிறாள். மூடி அசைய மறுக்கிறது. அப்பா ஈரக் கையை நீட்டுகிறார். "இங்க குடு, நான் தொறக்கறேன்." அவள் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறாள். "வேணாங்க. இவ்வளவு இறுக்கமா அவதான் மூடுவா. அப்படியே இருக்கட்டும்."