நத்தை வரைந்த கண்கள்

ஏரிக்கரை ஓவியக் கல்லூரியில் கொக்குதான் ஆசிரியர். பார்த்து வரைவதற்காக ஒரு கெண்டை மீனைத் தொட்டியில் விட்டு வைக்கும். மெதுவாக வரையும் மாணவன் நத்தை மீனின் கண்ணை முடிக்கும்போதே கொக்கு அந்த மீனை விழுங்கிவிடும்.

முதல் நாள் நத்தை அதிர்ந்துபோனது. “சார், நான் இன்னும் கண்ணையே தாண்டலை.”

“நேரத்துக்கு முடிக்கத் தெரியாதவனுக்கு ஓவியம் எதுக்கு?” என்றது கொக்கு, அலகைத் துடைத்தபடி.

ஆண்டு முழுவதும் இப்படியே போனது. நத்தையின் தாள்களில் வெறும் கண்களே சேர்ந்தன. கடைசி வகுப்பில் கொக்கு அவற்றைக் குப்பையில் போட்டது. இனி வரைவதே இல்லை என்று நத்தை வெளியே ஊர்ந்தது.

உடன் படித்த நண்டும் தவளையும் அந்தத் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தன.

“நாங்க வால் வரைக்கும் வரைஞ்சு பாஸ் ஆயிட்டோம்,” என்றது நண்டு. “ஆனா இதை எங்கள்ல யாரும் பார்க்கலையேப்பா. கிட்ட வந்து பாரு.”

நத்தை பார்த்தது. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் கடுகளவில் ஒரு கொக்கு அலகைத் திறந்தபடி நின்றது. மீனின் கண்ணில் தெரிந்ததை நத்தை அப்படியே வரைந்திருந்தது. வரைந்தது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

“நாளைக்கு எங்ககூட வரைய வா,” என்றது தவளை. “பூச்சியை மட்டும் மாதிரிக்கு வைக்காதே, என்னை நம்ப முடியாது.”

நத்தை தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. பிறகு கேட்டது: “வரையாத தாள் ஒண்ணு இருக்கா?”